பாவு அறுந்த திரை

2020 ஆடி. சங்கரன்கோவிலில் தபசுக் கூட்டம் இல்லாத ஆடி. ஊரடங்கில் கோயில் வாசல் பக்தர்களுக்கு அடைத்திருந்தது. ரத வீதிகளில் பலூன்காரர்கூட இல்லை. அந்த வாரம்தான் கீபோர்டின் மேல் பேனா கிடப்பதைக் கவனிக்காமல் மடிக்கணினியை மூடினேன். 'நறுக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் வலது பாதி மை கொட்டியது போலக் கறுப்பு. இடது பாதியில் நெட்டுக்குத்தாகப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். அக்காவுக்குப் போன் போட்டேன். "நம்ம ஊரு சாமியே பாதிப் பாதிதானலே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஆன்லைன் வகுப்பு இருந்தது.

அது அக்காவின் மடிக்கணினி. 2012-13இல் அவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 'இலவச' என்று சொல்லக் கூடாது, 'விலையில்லா' என்பதுதான் அரசாணைத் தமிழ். 2011 தேர்தலில் திமுக, அதிமுக இரண்டுமே மடிக்கணினி தருவதாகச் சொல்லியிருந்தன. ஜெயலலிதா ஆட்சிக்கு வந்து, அண்ணா பிறந்தநாளான 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருட இலக்கு 9 லட்சத்துக்குச் சற்று மேல். கொள்முதல் செய்தது எல்காட். வந்தவை 14 அங்குலத் திரை கொண்ட பெட்டிகள். உள்ளே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். பையில் முதலமைச்சர் படம், திறந்தால் திரையிலும் அவர் படம்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் கொஞ்சம் பிரபலமாகவும் இருந்தது. தொடர்ந்து நான்கு முறை வென்ற அமைச்சர் கருப்பசாமி 2011 அக்டோபரில் இறந்துபோக, 2012 மார்ச்சில் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மந்திரிகள் தெருத்தெருவாக வந்தார்கள். எனக்குப் பத்து, பதினோரு வயது. இவ்வளவு கார்களை ஒன்றாக அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த விலையில்லாப் பொருள்களைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5இல் தீர்ப்பு வந்தது. அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னார்கள்.

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருமே இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கொடுத்தது சரியா தப்பா, எத்தனை கோடி, யாருக்கு ஓட்டு. கொடுத்த அன்றோடு சரித்திரம் முடிந்துவிட்டது போல. அதற்குப் பிறகு அந்தப் பொருள் ஒரு வீட்டில் எட்டு வருஷம் கிடந்திருக்கிறதே, அது யார் கணக்கில் வரும்?

எங்கள் வீட்டில் அதன் முதல் வேலை விளக்கு. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு போகும். அப்பா விசைத்தறித் தொழிலாளி. கரண்டு போனால் தறிச் சத்தம் நின்றுவிடும், ஊரே காது அடைத்தது மாதிரி ஆகிவிடும். தறி ஓடாவிட்டால் கூலியும் கிடையாது. அந்த நேரங்களில் அக்கா மடிக்கணினியைத் திறந்து தரையில் வைப்பாள். முதலமைச்சர் படத்தின் வெளிச்சத்தில் நாலு பேரும் சோறு சாப்பிட்டிருக்கிறோம். அவள் கல்லூரி ப்ராஜெக்ட் செய்தது, வேலைக்கு விண்ணப்பம் போட்டது எல்லாம் அதில்தான். வேலை கிடைத்துப் போனபோது எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

உடைந்த பிறகு தெரிந்த கடைக்காரர் ஒருவரைப் போனில் பிடித்தேன். "கட திறக்கவே நாளாகும் தம்பி. தெறந்தாலும் இதுக்குப் போடுற காசுல பழசு ஒண்ணே வாங்கிரலாம்" என்றார். அவர் சொன்னது வியாபாரக் கணக்கு, அதில் தப்பில்லை. அப்பாதான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தறியில பாவு அந்துச்சுன்னா முடிச்சுப் போட்டு ஓட்டுவோம். தறியவா தூக்கி எறிவோம்?" ஊரடங்கில் அவருக்கும் வேலை இல்லை. ஸ்க்ரூடிரைவரை அவரே எடுத்து வந்தார்.

பேட்டரியைக் கழற்றி வைத்தோம். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டுகள் இருக்கும். ஊசியால் நெம்பினால் அடியில் திருகாணி. அதை எடுத்துவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டைச் சட்டத்துக்கும் திரைக்கும் நடுவில் நுழைத்துச் சுற்றிவர வேண்டும். 'டக் டக்' என்று கொக்கிகள் விடும்போது ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு பதறியது. பிறகு இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் திருகாணிகள். திரையை முன்பக்கமாகச் சாய்த்துக் கீபோர்டின் மேல் படுக்க வைத்தால், முதுகில் டேப் ஒட்டிய ஒரு கேபிள், அதன் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். கேபிளை மேலே தூக்கக் கூடாது, செருகிய திசையிலேயே பின்னால் இழுக்க வேண்டும்.

அந்த ஸ்டிக்கர்தான் எனக்கு ஆச்சரியம். மடிக்கணினி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் திரைக்குத் தனி ஜாதகம் இருக்கிறது. 'பி140' என்று தொடங்கினால் தைவானின் ஏயுஓ, 'எல்பி140' என்றால் கொரியாவின் எல்ஜி, 'என்டி140' என்றால் சீனாவின் பிஓஇ. 140 என்பது 14.0 அங்குலம். அளவு, பிக்சல் எண்ணிக்கை, கேபிளின் ஊசி எண்ணிக்கை, திருகாணி இருக்கும் இடம் ஆகியவை பொருந்தினால் பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்கார்ந்துவிடும். எங்களுடையது 40 ஊசி எல்விடிஎஸ். அடுத்து வந்த மாடல்களில் 30 ஊசி இடிபி, இரண்டும் ஒத்துப்போகாது. மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். வருவதற்குப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் போனில் படித்ததுதான் இனி வருவது.

1888இல் பிராகில் இருந்த தாவரவியலாளர் பிரெடரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு சேர்மம் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை! நீர் போல ஓடும், படிகம் போல ஒளியைத் திருப்பும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். திரவப் படிகம் என்ற துறை அங்கிருந்து தொடங்கியது. அதே 1888இல்தான் திருச்சி திருவானைக்காவலில் சி. வி. ராமன் பிறந்தார்.

ராமனை இங்கே வீம்புக்காக இழுக்கவில்லை. அவருடைய தங்கை மகன் எஸ். சந்திரசேகர். நோபல் பரிசு வாங்கிய விண்மீன் சந்திரசேகர் இல்லை, அவர் ராமனின் அண்ணன் மகன், இவர் வேறு. ஒரே குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு இயற்பியலாளர்கள் இருந்ததில் இவரை நாம் தொலைத்துவிட்டோம். 1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இவரும் சதாசிவா, சுரேஷ் ஆகியோரும், குச்சி வடிவ மூலக்கூறுகள் மட்டுமல்ல, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று காட்டினார்கள். நம் 'பிரமாணா' இதழில்தான் கட்டுரை வந்தது. இருபது வருஷம்கூட ஆகவில்லை, ஜப்பானின் ஃபியூஜி கம்பெனி அந்த வகை மூலக்கூறுகளைப் பூசி ஒரு படலம் செய்தது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறித் தெரிந்த கணினித் திரைகளை அந்தப் படலம் சரிசெய்தது. சந்திரசேகரின் தம்பி பஞ்சரத்தினம். முனைவுற்ற ஒளியைப் பற்றி 1956இல், 22 வயதில், அவர் எழுதியதை உலகம் புரிந்துகொள்ள எண்பதுகள் ஆனது. அதற்குள் அவர் இறந்து பல வருஷமாகியிருந்தது.

திரையைக் கண்டுபிடித்தது இவர்கள் என்று சொல்ல வரவில்லை. 1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ முதல் திரவப் படிகக் காட்சிப் பலகையைப் பத்திரிகைகளுக்குக் காட்டியது, காட்டியதோடு விட்டுவிட்டது. சாதாரண வெப்பத்தில் கெடாமல் நிற்கும் மூலக்கூறை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே செய்தார். அதில் பேர்பெற்ற ஒன்று 35 டிகிரி தாண்டினால் வெறும் திரவமாகிவிடும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மத்தியானம் படமே நிற்காது. அதனால் பல மூலக்கூறுகளைக் கலந்து அந்த வரம்பை ஏற்றினார்கள். 1973இல் ஷார்ப் திரவப் படிகத் திரையைக் கால்குலேட்டரில் போட்டு விற்றது. பிறகு கொரியா, தைவான், சீனா. 1991இல் சந்திரசேகர் பெங்களூரில் திரவப் படிகத்துக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். ஆனால் மடிக்கணினிக்கான அந்தக் கண்ணாடியைச் செய்யும் ஆலை நமக்கு அமையவில்லை. 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த செமிகண்டக்டர் திட்டத்தில் திரை ஆலைக்கும் இடம் வைத்திருந்தார்கள். அடுத்த மூன்று வருஷத்தில் ஒப்புதல் கிடைத்ததெல்லாம் சிப்புக்குத்தான்.

அப்பாவுக்கு இதையெல்லாம் விளக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி தறிதான். திரையில் நெடுக்கில் 1,366 பத்தி, குறுக்கில் 768 வரிசை. பத்தி பாவு, வரிசை ஊடை. ஒவ்வொரு பத்தியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று இழை. இழைகள் சந்திக்கும் இடத்தில் எல்லாம் ஒரு டிரான்சிஸ்டர். மொத்தம் 31 லட்சத்துக்கு மேல். "அப்ப அந்தப் பச்சைக் கோடு?" என்றார். ஒரு பத்திக்குப் போகும் கம்பி அறுந்தால் கோடு விழும் என்றேன். "பாவு அந்துருக்கு. முடிச்சுப் போட முடியாதா?" முடியாது. கண்ணாடிக்குள் மைக்ரான் கணக்கில் ஓடும் கம்பி அது. முழுத் திரையையும்தான் மாற்ற வேண்டும். அவர் முகம் தொங்கிவிட்டது. "முழுசா மாத்துறதுக்குப் பேரு ரிப்பேராலே?"

அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

புதுத் திரை வந்தது. கேபிளைச் செருகி, சட்டத்தை மூடாமல் சுவரில் சாய்த்துவைத்து, பேட்டரி போட்டுப் பொத்தானை அழுத்தினேன். இருட்டு. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் இருட்டுக்குள்ளே மங்கலாகப் படம் ஓடுகிறது. பின்னொளி இல்லை என்று அர்த்தம். பேட்டரி இருக்கும்போதே கேபிளை அசைத்தால் பின்னொளிக்கான ஃபியூஸ் போய்விடும் என்று படித்திருந்தேன். மதர்போர்டில் அரிசிக் குறுணை அளவு இருக்கும், நம்மால் மாற்ற முடியாது. மூவாயிரமும் போச்சு, மடிக்கணினியும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பாதான் பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு, கேபிளின் தலையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். இடது பக்கம் அரை மயிரிழை வெளியே நின்றது. இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சமமாகத் தள்ளினார். மறுபடி அழுத்தியபோது வெளிச்சம் வந்தது.

2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு போட்டது, இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால் இப்போது வரும் பல மடிக்கணினிகளில் பேட்டரியே உள்ளே புதைந்திருக்கிறது. திரையும் அதன் முன்கண்ணாடியும் ஒன்றாக ஒட்டி வருகின்றன. ஏடிஎம் கார்டு நுழைய இடமில்லை. சரசரவென்று டெண்டர் எடுத்த அந்தப் பெட்டிகளில் எல்லாம் திருகாணியாக இருந்தது யாரும் யோசித்துச் செய்ததில்லை, அந்தக் காலத்து மலிவுப் பெட்டிகள் அப்படித்தான் இருந்தன.

உடைந்த திரையை அப்பா தூக்கிப் போட விடவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த கறுப்புப் படலத்தை ஒரு மூலையிலிருந்து உரித்தேன். விரலில் லேசாகக் கீறியது. ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடுகிற படலம் அது. புதுத் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பினால் படம் முழுக்கக் கறுப்பாகிவிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் திரும்ப வந்துவிடும். அப்பா என் கையிலிருந்து வாங்கினார். தறிப்பட்டறை திறக்கும் வரைக்கும் அது அவரிடம்தான் இருந்தது. நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வந்து நின்று, படலத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பி, என் வாத்தியாரை அணைத்தும் ஏற்றியும் பார்த்துக்கொண்டிருப்பார்.