செட்டிநாட்டு வளவு வீடுகளும் கூட்டு மின்னிணைப்பும்

ஒரே மின்னிணைப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் மின்சாரம் எடுத்துக்கொண்டு, கட்டணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு கூட்டு மின்னிணைப்பு எனப்படும். ஒண்டுக்குடித்தன வீடுகளில் இது தமிழகமெங்கும் உண்டு. காரைக்குடி வட்டாரத்து நாச்சியாபுரம் போன்ற நகரத்தார் ஊர்களிலோ இதன் வரலாறு மின்கம்பத்திலிருந்து அல்ல, வீட்டின் அமைப்பிலிருந்து தொடங்குகிறது.

ஒரு வீடு, பல அடுப்பு

நகரத்தார் வழக்கில் மணமான ஆண்மகன் ஒரு ‘புள்ளி’. கோயில் வரி முதல் ஊர்ப் பொதுச்செலவு வரை புள்ளிக் கணக்கில்தான் பிரிக்கப்படும். மணமான சில காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ மரபு. வீட்டை விட்டு அனுப்புவதாக இதற்குப் பொருளில்லை. அதே கூரையின் கீழ் தனிச் சமையல், தனி வரவு செலவு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மகன்களுக்குப் பங்காகும். முகப்பு, வளவு, கிணறு ஆகியவை எல்லோருக்கும் பொது. ஆகவே எது தனி, எது பொது என்ற வரையறை மின்சாரம் வருவதற்கு முன்பே இவ்வீடுகளில் எழுதாச் சட்டமாக இருந்தது.

கம்பி வந்த வழி

சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் மின்னுற்பத்தியைத் தொடங்கின. மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று அமைந்தது. பெரிய வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு வெகுகாலம் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டி முடிக்கப்பட்டவை. எனவே வயரிங் பிறகு ஒட்டவைக்கப்பட்டதே. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டபோதும், சுற்றுவட்டாரக் கிராமங்களில் அரிக்கேன் சிம்னி துடைப்பது பிள்ளைகளின் மாலை வேலையாகவே இருந்தது.

ஒரு கதவிலக்கத்துக்கு ஓர் இணைப்பு. அதுவும் மூத்த பங்காளியின் பெயரில். மீட்டரும் மெயின் சுவிட்சும் முகப்பில். அவர் காலமான பிறகும் பெயர் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவது பலரின் வழக்கம்.

பங்கிடும் கணக்கு

வீட்டுக்கு நாலைந்து பல்புகள் மட்டும் எரிந்த காலத்தில் கணக்கு எளிது. அறைக்கு எத்தனை ‘பாயிண்ட்’ என்று எண்ணினால் போதும். மின்விசிறி வந்தபோதே முணுமுணுப்பு தொடங்கியது. குளிர்பெட்டி, கிரைண்டர், ஏசி வந்தபின் பாயிண்ட் கணக்கு செல்லாக்காசானது. பலர் அறைக்கு ஒரு துணை மீட்டர் வைத்துத் தனிச்செலவை அதில் பார்த்தார்கள். முகப்பு விளக்கு, கிணற்று மோட்டார் போன்ற பொதுச்செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். அந்தப் பழைய கணக்கு இங்கே நன்றாகவே உதவியது.

ஆனால் 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததாலும், பின்னர் 1960களில் அங்கு நடந்த தேசியமயமாக்கலாலும் செல்வம் சரிந்தது. பங்காளிகள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாடுகளுக்கும் பிரிந்தனர். கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் மட்டும் ஊருக்கு வருபவர், பூட்டிய அறைக்கு ஏன் பங்கு தர வேண்டும் என்று கேட்டார். முகப்பு விளக்கை அணைத்துவிட்டால் வீட்டுக்கு யார் காவல் என்று ஊரில் இருந்தவர் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே.

கட்டணப் படிகள்

2016 மே மாதத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானபோது கூட்டு இணைப்பின் இழப்பு வெளிப்படையாகத் தெரிந்தது. சலுகை இணைப்புக்கு ஒன்று. அடுப்புக்கு ஒன்று அல்ல. 2022 செப்டம்பருக்கு முன்பிருந்த கட்டணத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு குடும்பங்கள், தலைக்கு 150 யூனிட். தனித்தனி இணைப்பானால் ஒவ்வொருவரும் இலவசம் போக 50 யூனிட்டுக்கு 1.50 ரூபாய் வீதம் 75 ரூபாய். நால்வருக்கும் 300 ரூபாய். ஒரே மீட்டரில் 600 யூனிட் ஓடினால் 500ஐத் தாண்டியவர்களுக்கான உயர்ந்த வீதம்: இரண்டாம் நூறு 3.50, அடுத்த முந்நூறு 4.60, மிச்ச நூறு 6.60. மொத்தம் 2,390 ரூபாய். நிலைக்கட்டணத்தை இரண்டிலும் சேர்க்கவில்லை. எட்டு மடங்கு! சேர்ந்து வாழ்ந்ததற்குத் தண்டம் கட்டியது போலத்தான்.

அப்படியானால் பிரித்துக்கொள்ள வேண்டியதுதானே? 2004ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்பகிர்மான விதித்தொகுப்பு, ஒரே கதவிலக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வேண்டுமானால் இடமும் மின்சுற்றும் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நான்கு பக்கமும் அறைகள் திறக்கும் வளவின் நடுவில் எந்தச் சுவரை எழுப்பிக் காட்டுவது? அடுப்பு வேறு, கணக்கு வேறு, வாசல் ஒன்று. இந்த வீடுகளின் வாழ்முறைக்கு அந்த விதியில் இடமில்லை என்பது என் கருத்து.

பக்கத்து வீட்டுக்கு ஒரு வயர்

சுவருக்கு அப்பாலிருக்கும் வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுப்பது வேறு விஷயம். விசேஷ நாளில், பேஸ் போன நேரத்தில், உறவு முறையில் இது நடப்பதுண்டு. அனுமதிக்கப்படாத இடத்துக்கு மின்சாரம் கொடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி முறையற்ற பயன்பாடு. அதற்குரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு மதிப்பிட்டு வாங்குவார்கள்.

அபராதத்தைவிட ஆபத்து பெரிது. அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தெருவில் அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு பேஸில் இருக்கலாம். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்; இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். இரண்டு வீட்டுக் கம்பிகள் தவறிக் கலந்தால் விளக்கு மட்டும் போகாது. பழைய வயரிங்கைப் பிரித்துப் புதிய இணைப்பு வாங்கும்போது இன்னொரு தவறும் நேர்கிறது. பேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பழையபடி பொதுவில் விட்டுவிடுவார்கள். அப்போது ஒருவர் தம் மெயினை அணைத்துவிட்டுப் பழுது பார்க்க நியூட்ரலைக் கழற்றினாலும், அடுத்த குடும்பத்தின் விளக்கு வழியாக வந்த மின்சாரம் அந்தக் கம்பியில் நிற்கும். கசிவுத் துண்டிப்பான் பொருத்திய வீட்டில் அது காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும். அதைப் பழுதென்று நினைத்துக் கழற்றி வைத்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழுது கருவியில் இல்லை, கம்பியில்.

இப்போது சில வளவு வீடுகள் பயணியர் விடுதிகளாகி, வணிகக் கட்டணத்துக்கு மாறிவிட்டன. மற்றவற்றில் பங்காளிகள் ஒவ்வொருவராகத் தனி மீட்டர் வாங்கி வருகிறார்கள். தாத்தா பெயரிலிருக்கும் பழைய இணைப்பில் கடைசியாக மிஞ்சுவது பெரும்பாலும் முகப்பு விளக்கும் கிணற்று மோட்டாரும்தான். அந்த ரசீது மட்டும் இன்னும் புள்ளிக் கணக்கில் பிரிகிறது.