பிரெஞ்சில் 'செய்வேன்' சொல்வது எப்படி? தமிழே கைகொடுக்கும்

கனடா பி.ஆர். கனவோடு பெங்களூருவில் பிரெஞ்சு படிக்கிறீர்களா? 2023 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்று நடக்கிறது. அதற்குப் பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது நான்கிலும் கனடா அளவுகோலில் குறைந்தது 7-ஆம் நிலை வேண்டும். வசந்த் நகர் அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்தாலும், ஆன்லைனில் படித்தாலும் எதிர்காலப் பாடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆங்கிலத்தை ஓரம் வைத்துவிட்டுத் தமிழில் யோசித்தால், பாதி வேலை முடிஞ்சிடும்.

எப்படி உருவாகிறது?

ஆங்கிலத்துக்கு 'வில்' என்ற தனிச்சொல் வேண்டும். தமிழில் பேசுவேன், பேசுவாய், பேசுவோம் என்று விகுதியே ஆளைக் காட்டிவிடும். பிரெஞ்சும் அப்படித்தான். அகராதியில் இருக்கும் முழு வினைச்சொல்லோடு விகுதியை ஒட்டுங்கள். 'பார்லே' என்றால் பேசுவது. ஜ பார்லரே - பேசுவேன். த்யூ பார்லரா - பேசுவாய். நூ பார்லரோன் - பேசுவோம். எழுத்தில் விகுதிகள் ஆறு. காதில் விழுவது ஏ, ஆ, ஓன் என மூன்றுதான்.

அடிக்கடி வரும் சில வினைகள் மட்டும் அடியோடு மாறும்: ஸரே (இருப்பேன்), ஓரே (என்னிடம் இருக்கும்), இரே (போவேன்), ஃபரே (செய்வேன்), வியாந்த்ரே (வருவேன்). இவற்றை மனப்பாடம்தான் செய்யணும்.

'பேசப் போறேன்' என்பதற்கு?

அதற்கும் நம்மைப் போலவே 'போ' வினைதான்: ஜ வே பார்லே. உடனடித் திட்டத்துக்கு இது. வாக்குறுதி, கணிப்பு, தள்ளியிருக்கும் காரியம் என்றால் 'பார்லரே'.

எங்கே சறுக்கும்?

'வந்து சேரும்போது கூப்பிடுவேன்' என்பதை ஆங்கிலம் வழியாக யோசித்தால் முதல் பாதி நிகழ்காலம் ஆகிவிடும். பிரெஞ்சில் இரண்டுமே எதிர்காலம்: கான் ஜாரிவரே, ஜ தாபெல்ரே.

'நேரம் இருந்தால் வருவேன்' இதற்கு நேர்மாறு. நிபந்தனை சொல்லும் 'ஸி'க்குப் பின்னால் நிகழ்காலம்தான்: ஸி ஜே ல தான், ஜ வியாந்த்ரே.

தமிழும் ஓரிடத்தில் காலை வாரும். 'தினமும் 6 மணிக்கு எழுவேன்' என்று வழக்கத்தையும் நாம் எதிர்காலத்தில் சொல்கிறோம். பிரெஞ்சில் வழக்கத்துக்கு நிகழ்காலம். அங்கே 'எழுகிறேன்' என்று மாற்றி யோசியுங்கள்.

இன்றைக்கே அடுத்த வருடத் திட்டங்கள் ஐந்தை எழுதிப் பாருங்கள். அவற்றில் ஒரு 'கான்', ஒரு 'ஸி' கட்டாயம் இருக்கட்டும்.