எண் அழிந்த ரெக்டிஃபையர் எந்தக் காலத்தது?

சில வருஷம் முன்னாடி காயலான் கடையில் ஒரு வட்டு கிடைத்தது. அதிரச அளவு, ஆனால் நல்ல கனம். இரு முகமும் உலோகம், சுற்றிலும் வெள்ளைப் பீங்கான். எண் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் கடத்தவில்லை. செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

ஏசியை டிசியாக மாற்றுவதுதான் ரெக்டிஃபையர் வேலை. தொழிற்சாலை ரெக்டிஃபையர்களில் எண் இருந்தாலும், பல நேரம் அது மெஷின் செய்தவரின் சொந்த எண்ணாக இருக்கும். எந்தப் பட்டியலிலும் சிக்காது. அப்போது உருவத்தைத்தான் படிக்க வேண்டும்.

கைகள் முளைத்த பெரிய கண்ணாடிக் குடுவை, அடியில் பாதரசம் என்றால் அது 1902-ல் பீட்டர் கூப்பர் ஹெவிட் கண்டுபிடித்த வகை. ஓடும்போது நீலமாக ஒளிரும். உடைந்தால் பாதரச ஆவி விஷம்.

ஒரே போல்ட்டில் கோர்த்த தகடுகள் என்றால் 1920-களில் வந்த காப்பர் ஆக்சைடாகவோ 1930-களில் பரவிய செலினியமாகவோ இருக்கலாம். செலினியம் தகடு ஒன்று சுமார் 25 வோல்ட் தாங்கும். காப்பர் ஆக்சைடு அதைவிட ரொம்பக் குறைவு. செலினியம் கருகினால் நாற்றம் குடலைப் பிடுங்கும், புகையும் நச்சு. அதன் இடத்தில் சிலிக்கானை அப்படியே போட்டுவிடாதீர்கள். சிலிக்கானில் இழப்பு குறைவு, அதனால் வெளிவரும் வோல்டேஜ் ஏறிவிடும்.

அடியில் திருகு, மேலே ஒரு முனை என்றால் சிலிக்கான் ஸ்டட் டயோடு, 1950-களிலிருந்து வருகிறது. வழக்கமாகத் திருகுப் பக்கம் கேத்தோடு. ஆனால் தலைகீழ் வகையும் உண்டு. மூன்று ஃபேஸ் பிரிட்ஜில் ஒரே ஹீட்சிங்கில் மூன்று திருகுகளை நேரடியாக மாட்ட அந்த இரண்டு வகையும் தேவைப்பட்டன. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. எண் அழிந்தால் மீட்டரில் திசை பார்க்காமல் மாட்டவே கூடாது. மாற்றி மாட்டினால் ஷார்ட்.

இப்போது என் வட்டுக்கு வருவோம். அதன் உள்ளே சிலிக்கான் தகடு பல சமயம் பற்றவைக்கப்படாமல், உலோக முகங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும். பல நூறு கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தில் கிளாம்ப் செய்தால்தான் தொடர்பு ஏற்படும். கையில் வைத்துச் சோதித்தால் நல்லதுகூட செத்த மாதிரி காட்டும். பக்கவாட்டில் மெல்லிய கம்பி வந்தால் அது டயோடே இல்லை, தைரிஸ்டர். 1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பிறந்த குடும்பம். அது நல்ல நிலையில் இருந்தாலும், கேட் தூண்டாதவரை இரண்டு பக்கமும் கடத்தாது.

என் வட்டில் கம்பி இருந்ததா? நான் கவனிக்கவேயில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை; கேள்வியைத்தான் நான் தப்பாகக் கேட்டிருந்தேன்.