இலிதியத்தின் மேல் முளைக்கும் ஊசி

போன கிழமை தரம் 11 பிள்ளை ஒருவர் கேட்ட கேள்வி எங்களைச் சும்மா இருக்க விடவில்லை. "சேர், போன் பற்றரிக்குப் பேர் இலிதியம் பற்றரி. ஆனா உள்ளுக்க இருக்கிற மறைத் தகடு காரீயம் எண்டு சொல்றீங்க. இலிதியத்தையே தகடாப் போட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். ஒரு கிராம் இலிதிய உலோகம் ஏறத்தாழ 3860 மில்லிஅம்பியர்-மணி ஏற்றம் தரக்கூடியது. காரீயம், அதாவது நம் பென்சில் கூரில் இருப்பது, 372 தான் தரும். பத்து மடங்கு வித்தியாசம். இதை யாரும் போட்டுப் பார்க்காமல் விட்டிருப்பார்களா?

போட்டார்கள். 1970களில் அமெரிக்காவின் எக்ஸொன் எண்ணெய்க் கம்பனியில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் இலிதிய உலோகத்தையும் தைத்தேனியம் இருசல்பைட்டையும் வைத்து, திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய பற்றரி ஒன்றைச் செய்தார். எண்ணெய் விற்கும் கம்பனியே பற்றரிக்குக் காசு செலவழித்தது வேடிக்கைதான். ஆனால் அது எண்ணெய் நெருக்கடிக் காலம். ஆய்வுகூடத்தில் தீப்பிடித்தது, ஒரு தடவை அல்ல, பல தடவை. கடைசியில் தீயணைப்புப் படையினர், இலிதியத் தீயை அணைக்கும் விசேட இரசாயனத்துக்கு நீங்களே காசு கட்ட வேண்டிவரும் என்று எச்சரித்தார்களாம்.

காரணம் இதுதான். ஏற்றும்போது இலிதிய அயன்கள் தகட்டுக்கு வந்து உலோகமாகப் படிகின்றன. அவை சமமாகப் படிவதில்லை. எங்காவது சிறு மேடு இருந்தால் மின்புலம் அந்த நுனியில் கூடுகிறது. அடுத்த அயன்களும் அங்கேயே போகின்றன. மேடு ஊசியாகிறது, ஊசி கிளை விடுகிறது. ஒரு நாள் அது இடையிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைத் துளைத்து மறுபக்கத் தகட்டைத் தொட்டுவிடும். குறுஞ்சுற்று ஏற்பட்டுச் சூடேறும். உள்ளே இருக்கும் மின்பகு திரவமோ எரியக்கூடியது.

விட்டிங்ஹாம் இலிதியத்தோடு அலுமினியம் கலந்து சமாளித்தார். ஆனால் இந்த ஊசி வேறொரு கம்பனியையே கவிழ்த்தது. கனடாவின் மொலி எனர்ஜி இலிதிய உலோகப் பற்றரியைச் சந்தைக்கே கொண்டுவந்தது. 1989 இல் ஜப்பானில் கைத்தொலைபேசி ஒன்றில் இருந்த பற்றரி தீப்பிடிக்க, எல்லாவற்றையும் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. கம்பனி முறிந்தது. 1991 இல் சோனி, இலிதிய உலோகமே இல்லாமல் காபனுக்குள் அயனை ஒளித்து வைக்கும் பற்றரியை விற்கத் தொடங்கியது. காரீயத்துக்குள் இலிதியம் போய்வரும் என்று 1980களின் தொடக்கத்திலேயே காட்டியவர்களில் ஒருவர் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த ரஷீத் யசாமி. 2019 நோபல் பரிசு விட்டிங்ஹாம், குட்இனஃப், யொஷினோ மூவருக்கும் போனது. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது என்பது விதி. விதி சரி, எங்களுக்கு மனம்தான் ஆறவில்லை.

ஆனால் அந்தப் பத்து மடங்கை விஞ்ஞானிகள் மறக்கவில்லை. அவர்கள் திரும்பிப் பார்த்தது இலிதியத்தின் மேற்பரப்பை. திரவம் பட்டதும் இலிதியத்தின் மேல் ஒரு படலம் தானாகவே உருவாகிறது. இரும்பில் துரு பிடிப்பதுபோல என்று வகுப்பில் சொன்னோம். முழுக்கச் சரியான உவமை அல்ல, ஏனென்றால் இந்தப் படலம் அயனை ஊடே போகவிடும். அதன் குறை, அது நொறுங்குவது. உலோகம் பருத்துச் சுருங்கும்போது வெடிக்கும். வெடிப்பினூடே ஊசி கிளம்பும். அப்படியானால் தானாக வரும் தோலுக்குப் பதிலாக நாமே ஒரு நல்ல தோலைப் பூசினால் என்ன?

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் ஜோன் பேட்ஸ், நான்சி டட்னி ஆகியோரின் குழு இலிதியம் பொசுபேற்றை நைதரசன் வாயுவில் வெற்றிட முறையில் படியச் செய்து, கண்ணாடி போன்ற ஒரு படலத்தை ஆக்கியது. பெயர் லிப்பொன். அயன் போகும், இலத்திரன் போகாது. இந்தப் படலம் வைத்த சிறு பற்றரி 10,000 தடவைகள் ஏற்றி இறக்கியும் தாங்கியதாகப் பின்னர் காட்டினார்கள். ஆனால் அது மைக்கிரோமீற்றர் கணக்கில் மெல்லிய, கைக்கடங்கிய பற்றரி. காருக்கு வேண்டிய அளவில் வெற்றிட அறையில் பூசுவதென்றால் செலவு கட்டாது.

கடினமான பொருளை வைத்தால் ஊசி தானாக அடங்கும் என்று 2005 இல் மன்ரோவும் நியூமனும் கணக்குப் போட்டார்கள். ஆனால் மிகக் கடினமான கார்னெட் வகை மட்பாண்டத்தைக்கூட இலிதியம் அதன் மணிகளின் இடுக்கு வழியே துளைத்துக்கொண்டு போனது. மெழுகுபோல் மென்மையான உலோகம் கல்லைத் துளைத்தது என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. இதன் பிறகுதான், கடினம் மட்டும் போதாது, வெடிப்பில்லாமலும் ஒட்டிக்கொண்டும் வளைந்தும் கொடுக்க வேண்டும் என்பது உறைத்தது. 2014 இல் ஸ்டான்ஃபோர்டில் யீ சுயி குழு உள்ளீடற்ற நுண் காபன் உருண்டைகளைப் போர்வையாக வைத்தது. உலோகம் வளரும்போது போர்வையும் மேலே எழும், கிழியாது. 150 தடவைகளுக்கு மேல் ஏறத்தாழ 99 வீத வினைத்திறன் கிடைத்தது. 2015 இல் மேரிலாந்தில் 14 நனோமீற்றர் அலுமினியம் ஒட்சைட்டு பூசிப் பார்த்தார்கள். இலிதியம் அரிபடுவது குறைந்தது.

99 என்றால் நல்ல புள்ளிதானே என்று அந்தப் பிள்ளை கேட்டார். கல்குலேற்றரைக் கொடுத்து, 0.99 ஐ அதாலேயே 100 தடவை பெருக்கச் சொன்னோம். விடை 0.37 என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு வீதம் போனால், நூறு தடவையில் மூன்றில் இரண்டு பங்கு இலிதியம் பயனில்லாமல் போய்விடும். கையில் இருக்கும் போனை ஒரு வருடம் தினமும் சார்ஜ் செய்தால் 365 தடவை. அதனால்தான் நம் போன்களுக்குள் இன்னமும் காரீயம் இருக்கிறது, போகலையிலும் கஹட்டகஹவிலும் நம் நாட்டு மண்ணுக்கடியில் தோண்டி எடுக்கிறார்களே, அதே வகைப் பொருள்.