போரும் காதலும்: கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்ட தமிழ் நாவல்கள்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற 'டெனடோஸ்', 'ஹெக்டர்' என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் அழிந்தன. குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி அங்கிருந்து 'ஹரிகேன்' விமானங்கள் எழுந்து வந்ததை ஜப்பானியர் எதிர்பார்க்கவில்லை. சில குண்டுகள் அங்கொடை மனநோய் வைத்தியசாலையில் விழுந்து நோயாளிகள் இறந்தார்கள். அவை கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்குக் குறிவைக்கப்பட்டவை என்று சொல்லப்படுவதுண்டு.

கொலன்னாவையும் அங்கொடையும் நான் குடியிருக்கும் ஒருகொடவத்தைக்குப் பக்கத்து ஊர்கள். இங்கே எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையைக் கேட்டால் எல்லோரும் 1995 ஒக்டோபரைத்தான் சொல்வார்கள். புலிகளின் தாக்குதலில் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் தாங்கிகள் எரிந்தபோது எழுந்த புகையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1942ஐப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அதைப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள் என்பது ஒரு காரணம். அதை வைத்து யாராவது நல்ல நாவல் ஒன்று எழுதியிருந்தால் இப்படி மறந்திருக்க மாட்டோம் என்பது என் எண்ணம். லண்டனில் குண்டு விழுந்த இரவுகள் நமக்குத் தெரிந்திருப்பது சரித்திரப் புத்தகத்தாலா, கதைகளாலா?

உலகப்போர்க் காலக் காதல் நாவல்கள் எனக்குப் பிடித்தமானவை. ஆனால் அந்த வகையில் வரும் பெரும்பாலான புத்தகங்கள் ஒரே அச்சு. இராணுவ உடையில் ஒருவன், ரயில் நிலையத்தில் ஒருத்தி, இடையில் தொலைந்த ஒரு கடிதம். காதலர்களைப் பிரிப்பதற்கு வேறு வழி தெரியாமல் எழுத்தாளர் போரைக் கூப்பிட்டிருப்பார். மனதில் நிற்கும் நாவல்களில் நடப்பது வேறு. அவற்றில் போர் எப்போதும் காதலனைக் கொன்றுவிடுவதில்லை. அவனை உயிரோடு திருப்பி அனுப்புகிறது. ஆனால் திரும்பி வந்தவன் பழைய இடத்துக்குப் பொருந்தாத ஆளாகிவிடுகிறான்.

தமிழில் இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1959இல் நூலாக வந்தது. கதை பினாங்கில் நடக்கிறது. செல்லையா அங்குள்ள ஒரு தமிழ் லேவாதேவிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். முதலாளி 'வானாயீனா'. அவருடைய மகள் மரகதம். செல்லையாவுக்குத்தான் மரகதம் என்று வீட்டிலே ஏறக்குறைய முடிவாகிவிட்ட நிலையில் ஜப்பானியர் வருகிறார்கள். செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்துவிடுகிறான். போர் முடிகிறது, அவனும் உயிரோடு திரும்பி வருகிறான். மாமூலான கதையென்றால் இங்கே மேளம் கொட்டியிருக்கும்.

வானாயீனா பெண் தர மறுக்கிறார். அவரை ஒரு கொடுமைக்காரராகச் சிங்காரம் எழுதவில்லை. துப்பாக்கி தூக்கிய கை இனிப் பேரேட்டுக்கு உதவாது என்பது அவருடைய கணக்கு. வட்டித் தொழிலுக்குப் பொறுமை வேண்டும், பணிவு வேண்டும், நாலு பேரிடம் குனிந்து நிற்கத் தெரிய வேண்டும். பட்டாளத்துக்குப் போய் வந்தவனிடம் அது இல்லை. அவர் நினைப்பது முழுக்கத் தவறும் இல்லை என்பதுதான் வாசிக்கிற நம்மைத் தொந்தரவு செய்கிறது. செல்லையா உண்மையிலேயே மாறித்தான் போயிருக்கிறான். மரகதத்தின் தாய் அவன் பக்கம் நிற்கிறாள். ஆனாலும் அந்த வீட்டில் தீர்ப்பு சொல்வது பெட்டியடியில் இருப்பவர்தான். கடைசிப் பக்கங்களை இங்கே சொல்லப் போவதில்லை. தமிழில் இவ்வளவு சத்தமில்லாமல் முடிகிற காதல் கதைகள் குறைவு.

சிங்காரத்துக்கு இந்த உலகம் நேரில் தெரியும். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், 18 வயதில் சுமாத்திராவின் மேடான் நகருக்குப் பிழைக்கப் போனவர். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே பிரசவத்தில் பறிகொடுத்தார். போருக்குப் பிறகு ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்து, தனியாளாகவே 1997இல் காலமானார். எழுதியது இரண்டே நாவல்கள். மற்றது 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'. மேடானுக்குள் ஜப்பானியர் நுழைவதில் தொடங்கி, பாண்டியன் என்பவனின் பின்னால் கடல் தாண்டி ஓடுகிற கதை அது. அதில் காதல் ஓரத்தில்தான் நிற்கும். நாவலாக அதுவே பெரியது, சந்தேகமில்லை. காதலுக்காக வாசிக்கிறவர் 'கடலுக்கு அப்பால்' பக்கம் வரட்டும்.

சிங்காரம் பினாங்கில் வைத்ததை மைக்கேல் ஒண்டாச்சி இத்தாலியில் வைத்தார் என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒண்டாச்சி 1943இல் கொழும்பில் பிறந்தவர். அந்த உயிர்த்த ஞாயிறுக்கு ஒன்றரை ஆண்டுக்குள். 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருடைய 'த இங்கிலிஷ் பேஷன்ட்' உலகப்போர்க் காதல் நாவல் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர். பலருக்கு அது 1996இல் வந்த படமாகத்தான் தெரியும். பாலைவனம், விமானம், அல்மாஷியும் கத்தரினும். படம் ஒன்பது ஒஸ்கார் விருதுகளை வாங்கியது.

நாவலில் எனக்கு முக்கியமான காதல் அது அல்ல. குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் சீக்கியப் படைவீரன் கிப்புக்கும் கனடியத் தாதி ஹானாவுக்கும் இடையே இருப்பது. பிரித்தானியப் படைக்காக உயிரைப் பணயம் வைத்த கிப், ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட செய்தியை வானொலியில் கேட்கிறான். வெள்ளையர் நாடொன்றின்மீது இதைப் போட்டிருப்பார்களா என்ற கேள்வி அவனுக்குள் எழுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. ஹானா எந்தத் தவறும் செய்யவில்லை. அவனும் அவளை வெறுக்கவில்லை. ஆனாலும் போகிறான். படத்தில் இந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். சக வீரன் ஒருவனின் மரணம் கிப்பை உலுக்குவதாக மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு வெட்டில் நாவலின் கோபம் முழுவதும் போய்விட்டது. படம் அழகானதுதான். அழகு மட்டுந்தான் மிச்சம்.

அந்தப் புக்கர் பணத்தில் ஒண்டாச்சி தன் தாயின் பெயரில் கிரேஷன் விருதை இங்கே ஏற்படுத்தினார். 1993இல் முதல் விருதைப் பகிர்ந்துகொண்ட புத்தகம் கார்ல் முல்லரின் 'த ஜாம் ப்ரூட் ட்ரீ'. தெமட்டகொடை போதேஜு ஒழுங்கையில் வாழும் பறங்கிக் குடும்பத்தின் கதை. ஒருகொடவத்தையிலிருந்து நடந்தே போகலாம். இத்தாலிக் காதலொன்றுக்குக் கிடைத்த பரிசுப் பணம் சுற்றிச் சுற்றி எங்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்து சேர்ந்தது! முல்லரின் ஆட்கள் ஒண்டாச்சியின் ஆட்களைப் போல மெல்லிய குரலில் கதைப்பவர்கள் அல்லர். குடிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், காதலிப்பதும் சண்டை மாதிரியே இருக்கும். அந்தக் காலக் கொழும்பின் இந்தப் பக்கத்தை இலக்கியத்தில் பார்க்க விரும்புகிறவருக்கு அவரை விட்டால் ஆள் குறைவு.

ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து அவிசாவளை வீதியில் தொடர்ந்து போனால், அவிசாவளை தாண்டி ஹட்டன் பாதையில் கித்துல்கல வரும். 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை அங்கேதான் எடுத்தார்கள். சயாம்–பர்மா மரண ரயில் பாதையைப் பற்றிய படம். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். மலாயா இரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. இலங்கை ஆற்றங்கரையில் எடுத்த அந்தப் படத்தில் இந்தத் தமிழர் இல்லை. அவர்களைத் தேடுகிறவர் மலேசியத் தமிழ் நாவல்களுக்குத்தான் போக வேண்டும்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. சிங்காரத்தின் மொழிநுட்பத்தை இவற்றில் எதிர்பார்க்க வேண்டாம். காதலைவிடப் பசியும் கொலராவும்தான் நமக்கு அதிகம் தெரியும். ஆனால் வேறு எங்கும் இல்லாத ஆட்கள் இவற்றில் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்களுக்கு அமிதவ் கோஷின் 'த கிளாஸ் பேலஸ்' (2000) இருக்கிறது. பர்மா, மலாயா, இந்தியா என்று மூன்று தலைமுறைக் கதை. ராஜ்குமாருக்கும் டோலிக்கும் இடையிலான காதலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே ராஜ்குமார் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணொருத்தியிடம் நடந்துகொண்டதையும், அவளுக்குப் பிறந்த இளங்கோ என்ற மகனையும் நாவல் மறைக்கவில்லை. எந்தக் காதல் கதையாகிறது, எது ஆகாது என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி அங்கே இருக்கிறது. தமிழிலேயே பர்மா வேண்டுமென்றால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ' (1982). 'புத்தம் வீடு' எழுதியவர், பர்மாவில் பிறந்தவர். போருக்குள் அகப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவல் இது.

முதலாம் உலகப்போர் நமக்கு ஒரு சொல்லைத்தான் விட்டுச்சென்றது. 1914 செப்டெம்பரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டு கொழும்புக்கு அப்பால் கப்பல்களைப் பிடித்த ஜெர்மன் கப்பல் 'எம்டன்', கெட்டிக்காரனுக்கும் தந்திரக்காரனுக்கும் பெயராக மாறிவிட்டது.

மேடான், பினாங்கு, பர்மா, சயாம். தமிழில் நான் வாசித்த உலகப்போர் நாவல்களெல்லாம் கடலுக்கு அப்பால் நடப்பவை. பிழைக்கப் போனவர்கள் எழுதினார்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள் எழுதினார்கள். இலங்கைக்கும் அந்தப் போர் வந்ததுதான். பர்மா விழுந்ததும் அரிசி வரவு நின்றது. 'கூப்பன்' என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நகரத்திலிருந்து ஏராளமானோர் வெளியேறினார்கள். இந்தியாவிலிருந்து வந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பலர் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். நாலு நாள் கழித்து திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' மூழ்கியது. அந்தக் கப்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

நம்முடைய சொந்தப் போர் பற்றிய எழுத்து அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் மூடிக்கொண்டது என்பது விளங்குகிறது. எழுத வேண்டியிருந்தது, எழுதினார்கள். ஆனால் 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களை வீடுகள் எப்படிப் பார்த்தன, கலியாணப் பேச்சில் அவர்களைப் பற்றி என்ன கேட்டார்கள் என்று தெரிந்த எவரும் வானாயீனாவின் மறுப்பை ஒரு பழைய பினாங்குக் கதையாக வாசிக்க முடியாது. 'தடுப்பில இருந்து வந்த பிள்ளையாம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். வானாயீனாவும் அல்ல.

சிங்காரத்தின் இரண்டு நாவல்களையும் ஒரே தொகுதியாகவும் பதிப்பித்திருக்கிறார்கள். அது கையில் கிடைத்தால் பெரியதை விட்டுவிட்டு 'கடலுக்கு அப்பால்' பகுதியை முதலில் வாசியுங்கள். இரண்டு மாலை போதும்.