தவிர்க்கவியலா நிகழ்வு ஷரத்து (வணிக வாடகை ஒப்பந்தம்)

போர், வெள்ளம், தொற்றுநோய், அரசுத் தடை என இரு தரப்பின் கையையும் மீறி ஏதாவது நடந்தால் ஒப்பந்தக் கடமையிலிருந்து யாருக்கு, எவ்வளவு விலக்கு என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஷரத்து இது. வழக்கறிஞர்கள் இதை ‘ஃபோர்ஸ் மெஜர்’ என்ற பிரெஞ்சுப் பெயராலேயே சொல்கிறார்கள். கடை, கிடங்கு வாடகையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வாடகைதாரருக்காகச் சட்டம் தானாக இரங்கியது மிக அரிது. ஷரத்தில் உள்ள சொற்களே அவருக்கு அரண். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூபர்ட்டின் படை ஒருவரைக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டியது. ஆனாலும் அவர் வாடகை தந்தே ஆகவேண்டும் என்று பாரடைன் எதிர் ஜேன் வழக்கில் 1647-இல் தீர்ப்பானது. எதிர்பாரா லாபம் குத்தகைதாரருக்கு என்றால் நட்டமும் அவருக்கே. விலக்கு வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே கேட்டிருக்கலாம் என்றது நீதிமன்றம். ஈரமற்ற தர்க்கம்தான். ஆனால் இந்த ஷரத்தின் தேவையை அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

1863-இல் டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கு இந்தக் கடுமையைத் தளர்த்தவில்லையா என்று கேட்கலாம். எரிந்துபோன இசை அரங்கை எடுத்தவர்களுக்கும் உரிமையாளருக்கும் அது விடுதலை தந்தது உண்மை. ஆனால் அங்கே அனுபோகம் உரிமையாளரிடமே இருந்ததால் அது குத்தகையே அல்ல என்று நீதிபதி பிளாக்பர்ன் கவனமாக விலக்கிவைத்தார். 1981-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, குத்தகையும் முறிந்துபோகக்கூடும் என்று கொள்கையளவில் ஏற்றது. ஆனால் அந்த வழக்கிலேயே, பத்தாண்டுக் குத்தகையில் 20 மாதம் பாதை அடைபட்ட கிடங்குக்கு வாடகை தள்ளுபடி ஆகவில்லை.

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. குத்தகை கொடுத்ததோடு சொத்தில் உரிமை கைமாறிவிடுகிறது. ஆகவே அந்தப் பிரிவு குத்தகைக்குப் பொருந்தாது என்று, தேசப் பிரிவினையால் எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இல் முடிவு செய்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108(உ) பிரிவு கைகொடுக்காதா? தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் கட்டடம் நிரந்தரமாகப் பயனற்றுப்போனால் குத்தகையை முறித்துக்கொள்ளலாம் என்பதே அது தரும் வழி. கடையைக் கையில் வைத்துக்கொண்டு வாடகையை நிறுத்த அதில் இடமில்லை. 2020 ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட் காலணிக் கடை ஒன்றின் வழக்கில் உயர் நீதிமன்றம் இதையே சொன்னது. வாடகை நிறுத்தத்தை மறுத்து, கட்டுவதற்கு அவகாசம் மட்டும் தந்தது.

கட்டட உரிமையாளருக்கும் வங்கித் தவணை உண்டு என்பதால் இதை ஒருதலையான நீதி என்று தள்ளிவிட முடியாது. நட்டத்தைப் பங்கிடும் வேலை ஒப்பந்தத்துக்கு உரியது. ஷரத்து இருந்தால் மட்டும் போதாது. ‘பணம் செலுத்தும் கடமைக்கு இது பொருந்தாது’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தால், பட்டியலில் பெருந்தொற்று இருந்தாலும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கையெழுத்திடுமுன் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.