செப்பேட்டு வளையமும் சிங்கப்பூர் போன காகிதமும்

சொந்தக் கதையில ஆரம்பிச்சு வரலாற்றுக்குள்ள நுழையறது என் கெட்ட பழக்கம்னு பதிவுலக நண்பர்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான், பொறுத்துக்குங்க.

2009ல எங்க மாமாவுக்கு சிங்கப்பூர்ல ஒரு கிளைக் கம்பெனி ஆரம்பிக்கணும்னு ஆசை வந்துச்சு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல பட்டு வியாபாரம். (பெருசா கற்பனை பண்ணாதீங்க. பேருதான் பிரைவேட் லிமிடெட், உள்ளே ஏழெட்டுப் பேர்.) "நீதான் நாலு எழுத்து படிச்சவன், பேப்பர் வேலையப் பாத்துக்கோ மாப்ளே"ன்னு என் தலையில கட்டிட்டார்.

கம்பெனி பதிவுச் சான்றிதழ், மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ், போர்டு தீர்மானம் எல்லாம் வேணுமாம். அதுவும் சும்மா இல்லை. முதல்ல நோட்டரி, அப்புறம் சேம்பர் ஆஃப் காமர்ஸ், அப்புறம் வெளியுறவு அமைச்சகம், கடைசியா அந்த நாட்டுத் தூதரகம். எதுக்கு இத்தனை பேர்? சிங்கப்பூர்காரனுக்கு எங்க ஊர் நோட்டரியைத் தெரியாது. ஆனா தன் தூதரகத்தைத் தெரியும். ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னால கையெழுத்துப் போட்டவரை மட்டும் 'இவர் நிஜமாவே இவர்தான்'னு சொல்றாங்க. உள்ளே எழுதியிருக்கிறது உண்மையான்னு யாரும் பார்க்கிறதில்லை!

இந்தச் சங்கிலியைச் சுருக்கத்தான் 1961ல ஹேக் நகரத்துல அப்போஸ்டில் ஒப்பந்தம் போட்டாங்க. ஒரே முத்திரை, உறுப்பு நாடு எல்லாத்துலயும் செல்லும். இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பர்லதான். ஆக எங்களுக்குச் சுத்து வழிதான்.

எல்லா சீலும் வாங்கி அனுப்பின கட்டு மூணே வாரத்துல திரும்பி வந்துடுச்சு. காரணம்: ஜெராக்ஸ் எடுக்கறப்போ நான் பின்னைப் பிடுங்கிட்டேன். சீல் கடைசிப் பக்கத்துல இருக்கு. பின் பிடுங்கின ஓட்டை தெரியுது. நடுவுல ஒரு தாளை மாத்தியிருந்தா? அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். மறுபடி நோட்டரியிலேர்ந்து ஆரம்பிச்சோம். இந்தத் தடவை எல்லாத் தாளையும் துளை போட்டு நூலால கட்டி, முடிச்சு மேல சீல். "பட்டு நூல் விக்கிறவன் வீட்டுப் பையனுக்கு ஒரு நூல் கட்டத் தெரியலையே"ன்னார் மாமா. அந்த வருஷ தீபாவளி வியாபாரம் போச்சு. கடைக்குக் குடுத்த அட்வான்ஸும்தான்.

அந்த வயித்தெரிச்சல்ல இருந்தப்பதான் செப்பேடு பத்தின புத்தகம் ஒண்ணைப் புரட்டினேன். சோழர்கள் செப்பேடு ஒவ்வொண்ணுலயும் துளை போட்டு ஒரு வளையத்துல கோப்பாங்க. வளையத்தோட ரெண்டு முனையும் சேர்ற இடத்துல புலி, மீன், வில் பொறிச்ச அரச முத்திரை. நடுவுல ஒரு ஏட்டை உருவணும்னா வளையத்தை வெட்டணும். வெட்டினா தெரிஞ்சுடும். சரியா எங்க நூலும் முடிச்சும்!

எங்க ஊருக்கே அப்படி ஒண்ணு இருக்கு. உத்தம சோழனோட 16ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, சென்னை அருங்காட்சியகத்துல இருக்கிறது. கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயில், அதாவது இன்னிக்கு உலகளந்த பெருமாள் கோயில் வரவு செலவு பத்தினது. கோயில் பொன்னை நகரத்துச் சேரிக்காரங்ககிட்ட வட்டிக்கு விட்டிருக்காங்க. கோயில் கணக்கைப் பார்க்கிற பொறுப்பு பட்டசாலிகள்ங்கிற நெசவாளர்கள்கிட்ட. (மாமாகிட்ட இதைச் சொன்னதும், 'கணக்கு எழுதறது எங்க ரத்தத்துலயே இருக்கு'ன்னுட்டார்.) ஆனா ஏட்டோட முன்பகுதி தொலைஞ்சுபோச்சு, மிஞ்சினது அஞ்சு ஏடு.

சரி, இது உள்ளூர் விவகாரம். வெளிநாட்டுக்காரனுக்கு?

அதுக்குத்தான் ஆனைமங்கலச் செப்பேடுகள். ஹாலந்துல லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால லெய்டன் செப்பேடுன்னும் பேரு. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட அரசன் நாகப்பட்டினத்துல தன் அப்பா பேர்ல சூடாமணி விகாரம் கட்டினான். அதுக்கு முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டுல, சுமார் 1006ல, ஆனைமங்கலத்து வருமானத்தைக் குடுத்தான். ஏறக்குறைய 8,900 கலம் நெல். பெரிய செப்பேட்டுல மொத்தம் 21 ஏடு. ராஜா வாயால சொன்னதை ஒருத்தர் ஓலையில எழுதணும், ஓலைநாயகம் ஒப்புக்கணும், வரிப் புத்தகத்துல ஏத்தணும், நாட்டார் பெண் யானையை நடத்தி எல்லை காட்டிக் கையெழுத்துப் போடணும். நாலு சீலுக்கே நான் அலுத்துக்கிட்டேன்! ராஜராஜன் வாய்மொழியாச் சொன்னதைச் செப்பேட்டுல ஏத்தினது மகன் ராஜேந்திரன். அதுல எழுத்து வெட்டினவங்க யார் தெரியுமா? காஞ்சிபுரத்துக்காரங்க. எங்க ஊர்!

அதே ராஜேந்திரன் 1025 வாக்குல கடாரத்து மேலயே கப்பல் படை அனுப்பினான். எல்லாம் முடிஞ்சுதுன்னுதானே நினைப்போம்? 1090ல, முதலாம் குலோத்துங்கனோட 20ஆம் ஆட்சியாண்டுல, கடாரத்து அரசனோட தூதர்கள் ரெண்டு பேர் ஆயிரத்தளி அரண்மனைக்கு வந்து நிக்கறாங்க. ராஜவித்யாதர ஸ்ரீ சாமந்தன், அபிமானதுங்க ஸ்ரீ சாமந்தன். நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்கு இருக்கிற ஊர்களையும் வரி விலக்கையும் செப்பேட்டுல எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க, குலோத்துங்கனும் குடுத்தான். சிறிய லெய்டன் செப்பேடுங்கிற அந்த மூணு ஏடு அதுதான்.

நடுவுல ஒரு போர் நடந்திருக்கு. தூதர்கள் அதைப் பத்திப் பேசினாங்களான்னு ஏட்டுல ஒண்ணும் இல்லை. கடல் தாண்டி வந்து கேட்டது எழுத்தையும் முத்திரையையும்தான்.

எங்க காகிதம் ரெண்டாவது தடவை திரும்பி வரலை. 2010 பொங்கலுக்கு அப்புறம் கம்பெனி பதிவாச்சு. கட்டின அந்த நூலை வெட்டாம மாமா இன்னும் பீரோவுல வெச்சிருக்கார். ஜெராக்ஸ் வேணும்னு நான் கேட்டா, பீரோ சாவியை வேட்டியில முடிஞ்சுக்கறார்.